டி.எச். என்று பொறித்த ஸ்பேனர்கள்

டொலிடோ, ஒஹாயோ
ஜூன் 3, 2024

அன்புள்ள ஆர்லீன் பெரியம்மாவுக்கு,

ஷெல்பி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

என் எண்ணை உங்கள் போனில் தடுத்து வைத்திருக்கிறீர்கள். "இனிமே எங்கிட்ட எது கேக்கணும்னாலும் காகிதத்துல எழுதிக் கேளு" என்று போன வாரம் எங்கள் வீட்டு விருந்தில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, உருளைக்கிழங்கு சாலட்டைக் கிண்ணத்தோடு தூக்கிக்கொண்டு டேட்டனுக்குக் காரை விட்டீர்கள். சாலட் நீங்கள் செய்தது, சரி. கிண்ணம் அம்மாவுடையது.

காகிதத்தில் கேட்கிறேன். நான் பிறந்த வருடம் என் பெயரில் ஒரு கல்விச் சேமிப்புக் கணக்கு ஆரம்பித்து மாதம் ஐம்பது டாலர் போட்டுவந்தீர்கள். அதற்கு நான் நன்றி சொல்லாமல் இருந்ததில்லை. கல்லூரியில் ஒரு பருவம் படித்தேன், பிடிக்கவில்லை, வந்துவிட்டேன். அந்தச் செலவு போக இன்னும் பதினான்காயிரம் அதில் இருக்கிறது. இப்போது லாரி பட்டறை ஒன்றில் டீசல் மெக்கானிக்காகத் தொழில் பழகுநர் இடம் கிடைத்திருக்கிறது. நான்கு வருடம். சம்பளத்தோடு படிப்பு. ஆனால் கருவி எல்லாம் சொந்தமாக வைத்திருக்க வேண்டும், எந்தப் பட்டறையிலும் அதுதான் வழக்கம். பட்டியல் கொடுத்திருக்கிறார்கள், எண்பத்து நான்கு உருப்படி. இலையுதிர் காலத்துக்குள் வாங்கி முடிக்காவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

கணக்கு என் பெயரில் இருந்தாலும் சாவி உங்கள் கையில். அந்தக் காசில் கருவி வாங்கித் தருவீர்களா? விருந்தில் நான் கேட்க வந்தது இதைத்தான். பாதி வாக்கியத்தில் நீங்கள் எழுந்துவிட்டீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஷெல்பி


டேட்டன்
ஜூன் 11, 2024

ஷெல்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். காசு கேட்கத் தெம்பு இருப்பதால் நீயும் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன். முழங்காலைப் பற்றி உன் அம்மாவே கேட்கட்டும், அவளுக்குக் கை இருக்கிறது.

முடியாது.

கல்விச் சேமிப்பு என்றால் கல்விக்கு. அதனால்தான் அரசாங்கம் அந்தக் கணக்கின் வளர்ச்சிக்கு வரி கேட்பதில்லை. கல்லூரிக் கட்டணம், புத்தகம், விடுதி. சுத்தியல், திருப்புளி எல்லாம் அதில் வராது. எடுத்தால் வரியும் கட்டி, மேலே பத்து சதவீதம் அபராதமும் கட்ட வேண்டும். இருபது வருடமாக ஊரார் வரிக் கணக்கை எழுதிச் சாப்பிடுகிறவளுக்கு இது தெரியாதா?

இன்னொன்றையும் தெரிந்துகொள். பதினேழு வருடம் நான் ஒரு மெக்கானிக்கோடு குடும்பம் நடத்தினேன். டுவேனோடு இல்லை, அவன் கருவிப்பெட்டியோடு. நாங்கள் பிரிந்தபோது உனக்கு நாலு வயது, நினைவிருக்காது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் பட்டறை வாசலுக்குக் கருவி விற்கிற வண்டி வரும். கடன் சொல்லி ஏறி ஒரு ஸ்பேனரோடு இறங்குவான். வாராவாரம் தவணை. கடைசியில் எங்கள் காரைவிட விலை அதிகமான, அலமாரி அளவுச் சக்கரப் பெட்டி ஒன்றுக்கு என்னிடம் சொல்லாமல் கையெழுத்துப் போட்டான். வீட்டுக்கு முன்பணமாகச் சேர்த்தது அத்தனையும் போயிற்று. கேட்டதற்கு, "பொழைப்பு அதுலதானேடி இருக்கு" என்றான்.

அவன் பிழைப்பில் இருக்கட்டும். என் காசு அந்த வண்டியில் ஏறாது. மறுபடி கல்லூரிக்குப் போவதானால் எழுது.

ஆர்லீன்


டொலிடோ
ஜூன் 20, 2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நலம். நீங்களும் நலமாகத்தான் இருக்கிறீர்கள், எழுத்து அழுத்திப் பதிந்து பின்பக்கம் வரை தெரிகிறது.

உங்கள் பதிலைப் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். பிறகு நூலகத்துக்குப் போய்ச் சட்டத்தையும் படித்தேன். அரசாங்கத் தொழிலாளர் துறையில் பதிவான பயிற்சியாக இருந்தால், அந்தப் பயிற்சிக்குக் கட்டாயம் என்று சொல்லப்பட்ட கருவிகளை இந்தக் கணக்கிலிருந்து வாங்கலாம். வரி இல்லை. அபராதம் இல்லை. சட்டம் மாறி வருடங்கள் ஆகின்றன. என் பயிற்சியின் பதிவுச் சான்றிதழும் கருவிப் பட்டியலும் இதோடு வைத்திருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் மேற்பார்வையாளர் கர்ட்டின் கையெழுத்து இருக்கிறது.

இருபது வருடமாக ஊரார் வரிக் கணக்கை எழுதுகிறவருக்கு இது தெரியாதா என்று நானும் கேட்கலாம். கேட்கிறேன்.

இங்கே என் நிலைமையையும் சொல்கிறேன். பட்டறையில் யார் பெட்டியையும் யாரும் தொடுவதில்லை. கேட்டால் தருவார்கள். முதல் தடவை சிரித்த முகம். அதே கருவியை இரண்டாம் தடவை கேட்டால், வாங்கிக்கொள் என்று அர்த்தம். நேற்று ஒருவரிடம் நட்டு கழற்றும் பத்து மில்லிமீட்டர் சாக்கெட்டை மூன்றாம் தடவை கேட்டேன். அவர் இழுப்பறையை முழங்காலால் தள்ளி மூடிப் பூட்டிவிட்டு, "பாப்பா, இங்க வாடகைக் கடை நடத்தல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

எனக்கு எஞ்சின் பிடிக்கிறது பெரியம்மா. ஒரு எஞ்சின் ஏன் இருமுகிறது என்று கண்டுபிடித்த அன்று இரண்டு பேர் சாப்பாட்டை ஒருத்தியாகச் சாப்பிட்டேன். கல்லூரியில் எனக்கு ஒரு நாளும் பசித்ததில்லை.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
ஷெல்பி


டேட்டன்
ஜூலை 9, 2024

ஷெல்பிக்கு,

இங்கே வெயில் கொளுத்துகிறது. ஆபீஸ் ஏசி கெட்டுவிட்டது. மற்றபடி உயிரோடு இருக்கிறேன். தாமதம் என்று முகத்தைச் சுளிக்காதே, எனக்கும் வேலை உண்டு.

சட்டம் எனக்குத் தெரியும். நீ படிப்பாயா என்று பார்த்தேன். படித்திருக்கிறாய். கல்லூரியில் இந்தச் சுறுசுறுப்பைக் காட்டியிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக நான் அனுமதிக்க வேண்டும் என்று இல்லை. கணக்கு என்னுடையது. ஒரு படிவத்தை நிரப்பினால் உன் பெயரை எடுத்துவிட்டு நோலன் பெயரை எழுதலாம். என் தம்பி மகன் கொலம்பஸில் மருந்தியல் படிக்கிறான், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மறக்காமல் அட்டை போடுகிறான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

என் நிபந்தனைகள். கருவி வண்டியில் ஒரு திருகாணிகூட வாங்கக் கூடாது. பட்டியலில் இல்லாத எதையும் வாங்கக் கூடாது. ரசீது வேண்டும், வெறும் துண்டுச் சீட்டு இல்லை. ஒவ்வொரு கருவியின் பெயரும் விலையும், விற்றவர் பெயரும் முகவரியும், தேதியும், அவர் கையெழுத்தும் வேண்டும். வரித்துறை என்னைக் கேட்டால் காட்ட வேண்டியவள் நான். ரசீது சரியாக இருந்தால் பணம் வரும். ஒரு வரி பிசகினாலும் நோலனுக்கு.

உன்னைப் பார்த்து அந்த ஆள் சிரித்ததைப் படித்தேன். அவன் பெயர் என்ன?

ஆர்லீன்


டொலிடோ
ஆகஸ்ட் 2, 2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நலம். ஏசி சரியாகிவிட்டதா? அந்த ஆள் பெயரைச் சொல்ல மாட்டேன். நீங்கள் கிளம்பி வந்துவிடுவீர்கள்.

நல்ல செய்தி. பட்டியலில் இருப்பதைப் புதிதாக வாங்கினால் பெட்டி இல்லாமலே ஒன்பதாயிரம் ஆகும். பெட்டியையும் சேர்த்தால் உங்கள் கணக்கே காலி. அதோடு, புத்தம் புதுக் கருவியோடு வருகிற புது ஆளைப் பட்டறையில் ஒரு மாதம் ஓட்டுவார்கள். அதனால் எல்லாரும் வேலையை விட்ட யாரிடமாவதுதான் பழையதாக வாங்குகிறார்கள். எனக்கும் ஒருவர் கிடைத்திருக்கிறார். முப்பத்தைந்து வருடம் டீசல் எஞ்சின் பார்த்தவர். பெட்டியோடு சேர்த்து ஐயாயிரத்து எண்ணூறு கேட்கிறார். பட்டியலில் உள்ள எண்பத்து நான்கில் எழுபத்தொன்பது அவரிடம் இருக்கிறது. ஒரு துளி துரு இல்லை. ஸ்பேனர்களை எண்ணெய்த் துணியில் அளவு வாரியாகச் சுற்றி வைத்திருக்கிறார்.

இதைவிட மலிவாகக் கிடைக்காது. வேறு இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், எனக்காக நிறுத்தி வைத்திருக்கிறார். நீங்கள் பணத்தை எடுத்து அனுப்பினால் ரசீதைப் பிறகு வாங்கி அனுப்பிவிடுகிறேன்.

அம்மா உங்களைக் கேட்டதாகச் சொன்னாள். கிண்ணத்தையும் கேட்டாள்.

ஷெல்பி


டேட்டன்
ஆகஸ்ட் 12, 2024

ஷெல்பிக்கு,

நலம். ஏசி ஓடுகிறது. சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

யார் அந்த ஆள்?

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். எண்ணெய்த் துணியின் நிறத்தைத் தவிர எல்லாம் இருக்கிறது, மனிதனுக்குப் பெயரைக் காணோம். ரசீது பிறகு வருமாம். என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து "ரசீது வீட்ல இருக்குங்க" என்று சொல்லாத ஆளே கிடையாது. நானும் அவர்களிடம் சொல்வது ஒன்றுதான், போய் எடுத்து வாருங்கள்.

முப்பத்தைந்து வருட மெக்கானிக் சட்டென்று எதற்கு எல்லாவற்றையும் விற்கிறான்? அவர்கள் பெண்டாட்டியை விடுவார்கள், பெட்டியை விட மாட்டார்கள். எனக்கு அனுபவம் உண்டு. திருட்டுச் சாமானா என்று பார்த்துக்கொள். ஒவ்வொரு கருவியிலும் சொந்தக்காரன் பெயர் பொறித்திருப்பான். பெயர் இருக்கிறதா, அல்லது தேய்த்து அழித்திருக்கிறதா?

பெயரும் கையெழுத்தும் வராமல் ஒரு காசு நகராது.

ஆர்லீன்


டொலிடோ
செப்டம்பர் 14, 2024

பெரியம்மாவுக்கு,

அம்மாவும் நானும் சுகம். ஒரு மாதம் பதில் போடாததற்குக் காரணம் உண்டு, அதைச் சொல்ல முடியாது.

ரசீது இதோடு இருக்கிறது. நீங்கள் கேட்டபடி ஒவ்வொரு கருவியும், விலையும், முகவரியும், தேதியும். கீழே கையெழுத்து. அதைப் பார்க்கும் முன்பு இந்தப் பத்தியைப் படித்துவிடுங்கள்.

விற்கிறவர் டுவேன் பெரியப்பா.

ஆமாம், அவரேதான். பட்டறையில் கர்ட் சொன்னார், "ஹார்ட்விக் எல்லாத்தையும் குடுக்கறாராம், போய்ப் பாரு" என்று. உங்களிடம் பெயரைச் சொன்னால் கடிதத்தைக் கிழித்துப் போடுவீர்கள் என்று தெரியும். அதனால் மறைத்தேன். அது என் தப்பு. ஆனால் அவர் என்னை ஏமாற்றவில்லை, நான் உங்களை ஏமாற்றிப் பணம் பறிக்கவும் இல்லை. விலை நியாயமானது. கர்ட்டும் பார்த்தார், எண்ணாயிரம் பெறும் என்றார்.

ஏன் விற்கிறார் என்று கேட்காதீர்கள். வேலையை விட்டுவிட்டார். அவ்வளவுதான்.

அக்டோபர் பதினைந்துதான் கடைசி நாள் என்று பட்டறையில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். அதற்குள் பெட்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போகாவிட்டால் எனக்கு இடம் இல்லை. தயவுசெய்து சீக்கிரம் எழுதுங்கள்.

ஷெல்பி


டேட்டன்
செப்டம்பர் 21, 2024

ஷெல்பிக்கு,

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. இந்தக் கடிதத்தில் நலம் விசாரிப்பு இவ்வளவுதான்.

முதலில், பெரியப்பா என்று எழுதியிருக்கிறாய். பதினைந்து வருடத்துக்கு முன்னால் நீதிமன்றத்தில் அறுத்துக்கொண்ட உறவு அது. ஹார்ட்விக் என்று எழுது.

நீ சொன்னபடி கடிதத்தை நான் கிழிக்கவில்லை. இதைக் கேள், ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அவனிடமிருந்து வாங்குவது வண்டியிலிருந்து வாங்குவதைவிட மேல் என்றுகூட நினைத்தேன். என் வீட்டு முன்பணத்தில் வாங்கிய கருவி என் தங்கை மகளுக்கே வருகிறது, போகட்டும் என்று நினைத்தேன். பிறகு ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

என்னிடம் விவாகரத்துக் கோப்பு இருக்கிறது. அவன் கையெழுத்து பதினொரு இடத்தில் இருக்கிறது. பக்கத்தில் வைத்தேன். டுவேன் எழுத்து அச்சடித்தது மாதிரி இருக்கும், வரைபடம் போடுகிறவன் எழுத்து. ஊரில் ஒருத்தரும் அவன் பில்லைப் படிக்க முடியாமல் திருப்பியதில்லை. நீ அனுப்பியதில் ஒவ்வொரு கோடும் நெளிகிறது. பேனாவை மெதுவாக நகர்த்தி, பார்த்துப் பார்த்து எழுதின கை. அப்படி யார் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். மற்றவன் கையெழுத்தை நகல் எடுக்கிறவர்கள் எழுதுவார்கள். இருபது வருடத்தில் இந்த மேசையில் நாலு பார்த்திருக்கிறேன்.

போலி ரசீது. அதுவும் அவன் பெயரில், நான் அவனோடு பேச மாட்டேன், கேட்டுப் பார்க்க மாட்டேன் என்ற தைரியத்தில். மாதம் ஐம்பது டாலர் வீதம் நான் வளர்த்தது ஒரு திருடியை.

கணக்கை நோலன் பெயருக்கு மாற்றிவிட்டேன். நேற்று உறுதிச் செய்தியும் வந்துவிட்டது. அவனுக்கும் சொல்லிவிட்டேன். இனி எழுதாதே.

ஆர்லீன் கோஸ்டர்


டொலிடோ
செப்டம்பர் 28, 2024

ஆர்லீன் கோஸ்டர் அவர்களுக்கு,

எழுதாதே என்றீர்கள். இது கடைசி. நீங்கள் நலமா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை, அதனால் கேட்கவில்லை.

டுவேன் பெரியப்பாவுக்குக் கை நடுங்குகிறது. நரம்பு வியாதி. இரண்டு வருடமாகிறது, மருந்துக்கு அடங்கவில்லை. காபிக் கோப்பையை இரண்டு கையால் பிடித்துக் குடிக்கிறார். போல்ட்டின் தலையில் ஸ்பேனரை வைக்க முடியவில்லை, அதனால் விற்கிறார். "அவகிட்ட என் கையப் பத்தி மூச்சு விடாதே. பாவம் பாத்துக் குடுக்கற காசு எனக்கு வேணாம்" என்றார். சத்தியம் வாங்கிக்கொண்டார். அதை இப்போது உடைக்கிறேன். உங்களால் உடைக்கிறேன்.

அந்த ரசீதை எழுத அவருக்கு மூன்று வாரம் ஆயிற்று. நான் எழுதுகிறேன், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள் என்று கெஞ்சினேன். "ஆர்லீன் ரசீது கேட்டா ஒழுங்கா இருக்கணும், அவளுக்குக் கிறுக்கல் புடிக்காது" என்று காலையில் மருந்து போட்ட ஒரு மணி நேரம் மட்டும் உட்கார்ந்து தினமும் நாலு வரி, ஐந்து வரி எழுதினார். ஆறு தாளைக் கசக்கிப் போட்டார். உங்களுக்கு வந்தது ஏழாவது. அதைத்தான் நீங்கள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் திருட்டு என்றீர்கள்.

கையெழுத்தைப் பற்றிப் பேசினீர்கள், நானும் பேசுகிறேன். கருவிகளில் பெயர் இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்களே? இருக்கிறது. டி.எச். என்று பழைய கருவி ஒவ்வொன்றிலும் பொறித்திருக்கிறது. பொடிப் பொடி சாக்கெட்டிலும்கூட. எச்சின் நடுக்கோடு வலது பக்கம் மேலே ஏறியிருக்கிறது. எங்கேயோ பார்த்த எழுத்தாக இருக்கிறதே என்று உங்கள் கடிதத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். உறை முகவரியில் ஒஹாயோ என்று பெரிய எழுத்தில் எழுதுகிறீர்கள் அல்லவா, அதில் இருக்கிறது அந்த எச். அவரிடம் கேட்டேன். "கல்யாணமான முதல் குளிர்காலம். சமையல் மேசைல உக்காந்து மூணு ஞாயித்துக்கிழமை எழுதினா" என்றார். இரண்டாயிரத்து ஒன்பதுக்குப் பிறகு அவர் வாங்கிய கருவி எதிலும் பெயர் இல்லை. ஏன் என்று கேட்டேன். "எழுத ஆள் இல்ல" என்றார்.

உங்கள் காசு வேண்டாம். நோலன் நன்றாகப் படிக்கட்டும். அக்டோபர் பத்து வியாழக்கிழமை. கருவி வண்டி வரும். பெட்டியும் கருவியும் கடனுக்குத் தருவதாகச் சொல்லிவிட்டார்கள், வாரம் எழுபத்தெட்டு டாலர், ஐந்து வருடம். ஏறிக் கையெழுத்துப் போடப் போகிறேன். என் கையெழுத்து நேராகத்தான் இருக்கும், கவலைப்பட வேண்டாம்.

ஷெல்பி ரோமர்


டேட்டன்
அக்டோபர் 2, 2024
விரைவுத் தபால்

ஷெல்பிக்கு,

நீ நலமா? நான் நலமில்லை. மூன்று நாளாகத் தூக்கம் இல்லை, அதற்கு முழங்கால் காரணம் இல்லை.

அந்த வண்டியில் ஏறாதே. இதை நான் உத்தரவாகச் சொல்லவில்லை. கேட்கிறேன்.

உன்னைத் திருடி என்று எழுதினேன். அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அது அநியாயம், எழுதிய கை வெட்கப்படுகிறது. மற்றபடி நீ பெயரை மறைத்ததும், என்னை இரண்டு மாதம் சுற்றவிட்டதும் தப்புத்தான், அதெல்லாம் அப்படியே நிற்கட்டும்.

ரசீதை மறுபடி எடுத்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் குறுக்குக் கோடு போட்டிருக்கிறது. ராணுவத்தில் ஜெர்மனியில் இருந்தபோது அவனுக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. ஐயாயிரத்து எண்ணூறு என்ற கூட்டுத்தொகைக்கு மேலே பன்னிரண்டு இடத்தில் ஏழு வருகிறது, பன்னிரண்டிலும் கோடு. முதல் தடவையே என் கண்ணில் பட்டிருக்க வேண்டும். பட்டது. கோபத்தில் தள்ளிவிட்டேன். அவனாக இருக்கக் கூடாது என்று பார்த்தேனே தவிர, அவன்தானா என்று பார்க்கவில்லை.

கணக்கை உன் பெயருக்குத் திரும்ப மாற்றியாகிவிட்டது. இரண்டு படிவம், போனில் நாற்பது நிமிடக் காத்திருப்பு. நோலன் அதற்குள் நன்றி அட்டை அனுப்பிவிட்டான். அவனுக்குப் பதிலை நீ எழுது, நான் எழுத மாட்டேன். ஐயாயிரத்து எண்ணூறு டாலர் உன் வங்கிக்குத் திங்கட்கிழமை வரும். அன்றே அவனிடம் கொடுத்துவிடு. கர்ட் எண்ணாயிரம் என்றால் எண்ணாயிரம் பெறும், அந்த முட்டாளுக்கு என்றைக்குமே விலை சொல்லத் தெரியாது. மீதி ஐந்து கருவிக்குக் கடை ரசீது அனுப்பு.

ரசீதைக் கோப்பில் வைத்துவிட்டேன். கீழே சாட்சி என்று எழுதி, இது டுவேன் ஹார்ட்விக்கின் கை, எனக்குத் தெரியும் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வரித்துறைக்கு அது தேவையில்லை.

இப்போது கவனமாகப் படி. அந்தக் கருவிகளில் உன் பெயர் இல்லாமல் பட்டறைக்குக் கொண்டு போனால் ஒரு வாரத்தில் பாதி காணாமல் போகும். பழையதை வாங்கினவர்கள் முதல் ஆளின் பெயரைக் கல்லில் தேய்த்து அழித்துவிட்டு எழுதுவார்கள் என்றும் எனக்குத் தெரியும். நீ எதையும் தேய்க்காதே. பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமை பெட்டியை ஏற்றிக்கொண்டு என் ஆபீசுக்கு வா. பெயர் பொறிக்கும் மின்சாரப் பேனா என்னிடம் இருக்கிறது. விவாகரத்தில் நான் கேட்டு வாங்கியது இரண்டுதான், காரும் அதுவும். இனிமேல் எவள் பெயர் எழுதிக் கொடுக்கிறாள் பார்க்கிறேன் என்று அப்போது நினைத்தேன்.

உன் காரில் அந்தப் பெட்டி ஏறாது. அவனிடம் பிக்கப் வண்டி இருக்கும். கை நடுங்குகிறவனை ஓட்ட விடாதே, நீ ஓட்டு. அவன் வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வந்தால் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கலாம். குளிராக இருந்தால் உள்ளே வரலாம், வாடிக்கையாளர் நாற்காலி இரண்டு இருக்கிறது. காபி குடிக்கக் கைப்பிடி வைத்த பெரிய கோப்பை வாங்கி வைத்திருக்கிறேன், மூடியோடு.

அம்மாவின் கிண்ணத்தைக் கழுவி வாசல் பக்கத்தில் வைத்திருக்கிறேன், மறக்காமல் எடுத்துப் போ.

டி.எச். இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் எஸ்.ஆர். என்று எழுதிவிடலாம், இடம் இருக்கும். சாக்கெட்டில்தான் நெருக்கும். பிறகு அவன் பெயர் இல்லாமல் வாங்கி வைத்திருப்பவற்றைத் தனியாக ஒரு தட்டில் எடுத்து வை. அவற்றில் முதலில் அவன் பெயரை எழுத வேண்டும். பதினைந்து வருடத்து வேலை நிலுவையில் இருக்கிறது, சீக்கிரம் வந்து சேருங்கள்.

ஆர்லீன் பெரியம்மா